ஓலை வீட்டைப் பூட்டி வைத்தால் மிஞ்சாது

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அதே மணலில் நிற்கும் பனையோலை வீடுகளைப் பாரம்பரியம் என்று சொல்பவர் குறைவு. சொன்னாலும், கல்லைக் காக்கிற மாதிரி இதைக் காக்க முடியாது. ஓலைக்கூரையை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து மேய வேண்டும். அந்த வேலை நின்றால் வீடும் போய்விடும்.

ஐப்பசி மழைக்கு முன்பே கூரை வேலை முடிந்துவிட வேண்டும். முற்றிய பச்சை ஓலைதான் கூரைக்கு ஆகும். குருத்து சுருங்கிவிடும், காய்ந்த காவோலை நொறுங்கும், அது அடுப்புக்கு. வெட்டிய ஓலையை மிதித்து விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கல் ஏற்றிச் சில நாள் விட்டால் தட்டையாகப் படியும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் ஓலை கூரையில் ஏறிய பிறகு சுருளும். சுருண்ட இடத்தில்தான் முதல் ஒழுக்கு.

கணக்குப் பார்க்கலாம். கூரை நீளம் 18 அடி, ஒரு பக்கச் சரிவு 9 அடி. ஒன்றரை அடிக்கு ஓர் ஓலை வைத்தால் வரிசைக்கு 12. வரிசைக்கு வரிசை முக்கால் அடி ஏறினால் 12 வரிசை. பக்கத்துக்கு 144, இரு பக்கமும் 288; முகட்டுக்கும் கழிவுக்கும் சேர்த்து 350 ஓலை கைவசம் வேண்டும். ஒரு மரத்தில் எட்டு, பத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால் மரம் தாங்கும். ஆக ஒரு சிறிய வீட்டுக்கே சுமார் 40 பனை தேவை. வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் எண்ண வேண்டியது பனைகளைத்தான்.

மேய்வது இறவாணத்திலிருந்து, அதாவது கூரையின் கீழ் விளிம்பிலிருந்து, முகட்டை நோக்கி. காம்பு மேலே, நுனி கீழே. ஒரு வரிசையில் இரண்டு ஓலை சேரும் இடத்தை அடுத்த வரிசை ஓலையின் நடுப்பாகம் மூட வேண்டும். இணைப்புகள் நேர்க்கோட்டில் வந்தால் தண்ணீர் அந்த வழியே நேராக உள்ளே இறங்கும். சரிவு 45 பாகைக்குக் குறைந்தால் மழைநீர் ஓடாமல் ஓலையிலேயே தங்கும். மக்குவதற்கு அது போதும்.

கட்டுவதற்குப் பனை மட்டையில் உரித்த நார். தண்ணீரில் ஊறப்போட்டால் சொன்னபடி வளையும், காய்ந்தால் பிடி விடாது. கம்பி வேலை சுலபம்தான், ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஓலைக்கு முன்பே அறுந்துபோகும்.

காற்று முதலில் தூக்குவது இறவாணத்தை. அதனால்தான் இங்கே கூரை தாழ்ந்து, குனிந்து நுழையும் உயரத்தில் இருக்கிறது. பார்வையாளர் வசதிக்கென்று அதை உயர்த்துவது புயலுக்குப் பிடி கொடுப்பது. பழைய மீன்வலையைக் கூரைமேல் போர்த்தி, ஓரங்களில் கல் கட்டித் தொங்கவிடுவதும் காற்றுக்காகத்தான். அழகு கெடுகிறது என்று எடுத்துவிட வேண்டாம்.

இன்னொரு தவறு, ஒழுகாமல் இருக்க ஓலைக்கு அடியில் தார்ப்பாய் விரிப்பது. கூரை நனையத்தான் செய்யும். அடியில் காற்றோட்டம் இருந்தால் காய்ந்துவிடும். தார்ப்பாய் ஈரத்தைப் பிடித்துவைத்து அடியோலையை அழுகவைக்கும். பழைய ஓலைமேலேயே புது ஓலை போட்டாலும் இதே கதிதான், கூடவே கூரையைத் தாங்கும் பனங்கைகளுக்குப் பாரம் வேறு. அடுப்பெரிந்த வீடுகளில் புகை பூச்சிகளை விரட்டியது. ஆளில்லாத காட்சி வீட்டில் அதற்கும் வழியில்லை. அங்கே இரண்டாம் வருடமே கூரையைத் தட்டிப் பார்க்கத் தொடங்க வேண்டும்.