சாமி கும்பிடாதவருக்கும் சுற்றம் வேண்டும்

செப்டம்பர் 17, 2025, புதன்

பெரியார் பிறந்தநாள். சாமி கும்பிடாத ஒருவர் சென்னையில் தன்னைப் போன்றவர்களை முதன்முதலாகச் சந்திக்க, வேப்பேரி பெரியார் திடலுக்குப் போக, இதைவிட நல்ல நாள் இல்லை. ஆனால் கூட்டத்தோடு நின்றுவிட்டுத் திரும்பினால் சுற்றம் அமையாது. நாற்காலி அடுக்குவதோ புத்தக மேசையில் நிற்பதோ, ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். திராவிட இயக்கம், கறுப்புச் சட்டை எல்லாம் ஒத்துவராது என்பவர்கள் 1980 முதல் இயங்கும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் பக்கம் போகலாம். இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. 1880களிலேயே கடவுள் மறுப்பாளர்களான சென்னை இலௌகிக சங்கத்தார் ‘தத்துவ விவேசினி’ இதழை நடத்தினார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சிறு கூடல் தொடங்க எட்டுப் பேர் போதும். மாதத்தின் கடைசி ஞாயிறு, மாலை நான்கு முதல் ஆறு என்று வைத்தால் மாற்றவே கூடாது. நாள் மாறினால் ஆள் குறையும். பெசன்ட் நகர் கடற்கரை இப்போதைக்குச் சரி. அக்டோபர் பாதியில் மழை தொடங்கிவிடும், அதற்குள் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையோ வீட்டுக் கூடமோ பார்த்துவிட வேண்டும்.

“கடவுள் உண்டா?” என்று விவாதம் வைக்காதீர்கள். அடுத்த மாதமே அதே மூன்று ஆண்கள்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், பெண்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். முக்கால் மணி நேரம் ஒரு வாசிப்பு, பிறகு டீ, கடைசியில் “யாருக்கு என்ன உதவி வேண்டும்?” என்று ஒரு சுற்று. மருத்துவமனைக்குத் துணை, பிள்ளைக்குக் கணக்கு, வாடகைக்கு வீடு. இந்தச் சுற்றை மட்டும் நேரமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அலுவலகத்தில் பொரி கொடுத்தால் வாங்கிச் சாப்பிடலாம், கை கூப்ப வேண்டியதில்லை. தனியாக இருப்பவர்களுக்குத் தீபாவளிப் பகல்தான் கடினம். அன்றைக்கு யார் வீட்டில் மதியச் சாப்பாடு என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

சுயமரியாதைத் திருமணம் பற்றி நிறையக் கேள்விகள். 1967-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு. உறவினரோ நண்பரோ முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலும், மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும் செல்லும். புரோகிதர் வேண்டாம். சிக்கல் எங்கே என்றால், சட்டத்தின் கண்ணில் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ பிறந்திருந்தால் 1954 சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி: அறிவிப்பு, 30 நாள் காத்திருப்பு, மூன்று சாட்சிகள். பத்திரிகை அடித்த பிறகு பதிவாளரிடம் போனால் தேதி இடிக்கும். 7ஏ திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

அக்டோபர் 26, ஞாயிறு

சாவு வீட்டில்தான் சுற்றம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். உடல் கொடை எழுதிக் கையெழுத்திட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாரிசுகள் ஒப்பாவிட்டால் மருத்துவக் கல்லூரி உடலை ஏற்காது. அதனால் படிவம் நிரப்பும் அன்றே மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாரிடமும் பேசிவிட வேண்டும், ஒரு பெரியப்பா வாசலில் நின்று “கொள்ளி வைக்காமல் அனுப்புவதா?” என்று கேட்டால் அழுதுகொண்டிருக்கும் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பேச நண்பர்களில் ஒருவரை முன்பே குறித்துவையுங்கள்.

கண் கொடை ஆறு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். முதல் போன் கண் வங்கிக்கு. இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை வையுங்கள். கண் எடுத்த பிறகும் உடலைக் கொடுக்கலாம். பிரேதப் பரிசோதனை நடந்தாலோ தொற்றுநோய் இருந்தாலோ கல்லூரியில் மறுப்பார்கள். அப்போது மாநகராட்சி மின்மயானம். கண் வங்கிக்கு அடுத்த போன் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கு. மருத்துவரின் இறப்புச் சான்றும் ஆதார் நகல்களும் கையில் இருக்கட்டும்.

படத்திறப்பில் நான்கு பேர் பேசினால் போதும், ஆளுக்கு ஐந்து நிமிடம், முதலில் வீட்டுப் பெண்கள்.

அடுப்பு மூட்டாத வீட்டுக்கு வழக்கமாகச் சம்பந்தி வீட்டார் சாப்பாடு கொண்டுவருவார்கள். சடங்கு இல்லை என்று கோபித்துக்கொண்டு அவர்கள் வராமல் போகலாம். காலை இட்லி, மதியம் சாம்பார் சாதம், பிளாஸ்கில் காபி என்று மூன்று நாளைக்குக் கூடலில் பெயர் போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் ஒருவர் போய் வாரிசுச் சான்றிதழுக்கும் வங்கிக்கும் வீட்டாரோடு அலைய வேண்டும்.