வேக்கோவில் ஒரு சோடா கம்பெனி

டாலஸிலிருந்து ஆஸ்டின் போகும்போது வழியில் வேக்கோ வரும். பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஊருக்குள் போனதே இல்லை. இந்த முறை அப்பா கூட இருந்ததால் வண்டியை உள்ளே திருப்பினேன்.

அப்பா கட்டட மேஸ்திரி. விருத்தாசலம், நெய்வேலி சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருடம் கல்லும் கலவையுமாக இருந்தவர். டெக்சாஸ் வந்த இரண்டு வாரத்தில் எங்கள் தெரு வீடுகள் அவரை ரொம்பவே ஏமாற்றிவிட்டன. "எல்லாம் மரச்சட்டம்தான். செங்கல்லு மாதிரி தெரியுறது மேல ஒரு போர்வை, அவ்வளவுதான்" என்று தட்டித் தட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நிஜமான செங்கல் கட்டடம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அதற்காகத்தான் டாக்டர் பெப்பர் என்ற சோடாவின் மியூசியம்.

எங்கள் பக்கம் சோடா கம்பெனி என்றால் ஓட்டு வீட்டின் முன்னறை, ஒரு கேஸ் சிலிண்டர், கையால் சுற்றும் மெஷின், மரப்பெட்டியில் கோலி சோடா பாட்டில்கள். அதே வேலைக்கு 1906-ல் வேக்கோவில் எழுப்பிய கட்டடத்தைப் பார்த்தால் பழைய கோர்ட்டோ கலெக்டர் ஆபீஸோ என்றுதான் தோன்றும். கனத்த செங்கல் சுவர்கள். வரிசையாக வளைவு வைத்த ஜன்னல்கள். உள்ளூர்க் கட்டடக்கலைஞர் மில்டன் ஸ்காட் வடிவமைத்தது. பாணியின் பெயர் ரிச்சர்ட்சோனியன் ரோமனெஸ்க். பாஸ்டனின் டிரினிட்டி சர்ச்சைக் கட்டிய ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் பிரபலமாக்கியது. அவர் 1886-லேயே இறந்துவிட்டார். ஆனால் அந்தக் கனமும் வளைவும் இருபது வருடம் கழித்து டெக்சாஸில் ஒரு சோடா ஃபாக்டரியில் வந்து நிற்கின்றன.

அப்பா உள்ளே போகும் அவசரத்தில் இல்லை. ஒரு ஜன்னல் வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். "சென்ட்ரிங் மரத்து மேல ரெண்டு பக்கமும் கல்லை ஏத்திக்கிட்டே வந்து, கடைசியில நடுக்கல்லை இறுக்கணும். அது சரியா உக்காந்துடுச்சுன்னா மரத்தை உருவிடலாம். அப்புறம் எத்தனை வருசமானாலும் கல்லே கல்லைத் தாங்கிக்கும்." இரும்புக் கம்பி இல்லாமல் நிற்கிற சுவர் மேல் அவருக்கு எப்போதும் தனி மரியாதை.

கதை இந்தக் கட்டடத்துக்கு இருபது வருடம் முன்பே ஆரம்பிக்கிறது. 1885-ல் இதே ஊரில் மாரிசன் என்பவரின் மூலைக்கடை மருந்தகத்தில் வேலை பார்த்த சார்லஸ் ஆல்டர்ட்டன், சோடா கவுன்டரில் பழச்சாறுப் பாகுகளின் வாசனையெல்லாம் கலந்து வருமே, அந்த வாசனையையே ஒரு பானமாக்கப் பார்த்தாராம். கோகோ-கோலாவுக்கு ஒரு வருடம் மூத்தது. ஆரம்பத்தில் பெயர்கூட இல்லை, ஊர்க்காரர்கள் 'ஒரு வேக்கோ' என்றே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பெயரில் பெப்பர் இருக்கிறதே தவிர மிளகுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் பானத்துக்கு நாடு முழுக்கப் பெயர் கிடைத்தது. இரண்டே வருடத்தில் இந்தக் கட்டடம் வந்தது.

கட்டியவர்கள் தங்கள் கம்பெனிக்கு வைத்திருந்த பெயர் ஆர்ட்டீசியன் மேனுஃபாக்சரிங் அண்ட் பாட்லிங் கம்பெனி. அந்தப் பெயர்தான் என்னை இழுத்தது. உள்ளே தரைத்தளத்தில் கிணறு ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்க்கலாம். ஆர்ட்டீசியன் என்றால் என்ன என்று அப்பாவுக்கு விளக்க வாயெடுத்தேன். "நம்ம ஊருத் தண்ணிதானடா" என்றார். உண்மைதான். நெய்வேலிப் பக்கம் சில இடங்களில் போர் போட்டால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் பொங்கிக்கொண்டு வரும். நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் தண்ணீர் அது. சுரங்கத்தில் அதை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரி வெட்ட முடியும். அதே மாதிரி ஊற்றுகளால்தான் வேக்கோவுக்கு ஒரு காலத்தில் 'கெய்சர் சிட்டி' என்றே செல்லப்பெயர். சோடாவில் பெரும்பங்கு தண்ணீர்தானே. தண்ணீரின் பெயரையே கம்பெனிக்கு வைத்திருக்கிறார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

மேல் மாடிகளில் பழைய விளம்பரங்கள், பாட்டில்கள், பத்து-இரண்டு-நான்கு மணி என்று எழுதிய தகடுகள். அந்த மூன்று நேரங்களில்தான் உடம்பு சோர்ந்துபோகும், அப்போது ஒரு பாட்டில் குடி என்பது கணக்கு. என் மகள் அதில் நன்றாக நேரம் போக்கினாள். எனக்கு மனசு கட்டடத்திலேயே இருந்தது.

வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றும்போது அப்பா சட்டென்று நின்றார். கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தார். "இது ஒட்டுப் போட்ட செவுரு." எனக்கு முதலில் தெரியவில்லை. அவர் விரல் நீட்டிய பிறகு தெரிந்தது. சுவரின் மேல்பகுதியில் செங்கல்லின் நிறம் மாறுகிறது. பழைய கல்லும் புதிய கல்லும் சேரும் கோடு நேராக இல்லை. கிழிந்த துணியின் ஓரம் மாதிரி ஏறி இறங்கிப் போகிறது.

1953 மே 11 மாலை வேக்கோவின் நடுவே டொர்னாடோ என்ற சுழல் சூறாவளி புகுந்தது. 114 பேர் இறந்தார்கள். நகரின் மையத்தில் பல மாடி மரச்சாமான் கடை ஒன்று அப்படியே சரிந்தது. கொஞ்ச தூரத்தில் 1911-ல் கட்டிய 22 மாடி அலிக்கோ கட்டடம் இரும்புச் சட்டத்தின் பலத்தில் நின்றது. சோடா கம்பெனியின் சுவரும் ஒரு பக்கம் பிய்ந்துபோனது. பிய்ந்ததை அப்போது கிடைத்த கல்லை வைத்துக் கட்டி முடித்து, 1960-கள் வரை உள்ளே பாட்டில் நிரப்பினார்கள். தலைமை அலுவலகம் அதற்கு வெகுமுன்பே, 1923-ல், டாலஸுக்குப் போய்விட்டது. மியூசியமாகத் திறக்கத் தேர்ந்தெடுத்த நாள் 1991 மே 11. சூறாவளி வந்த அதே தேதி. நிறம் மாறிய கல்லைப் பூசி மறைக்கவும் இல்லை. அதற்காகவே இவர்களை எனக்குப் பிடித்துப்போனது.

கீழே சோடா ஃபவுண்டனில் பழைய முறையில் கையால் கலந்து தருகிறார்கள். கண்ணாடி டம்ளரில் அடர்ந்த பாகு கொஞ்சம், ஐஸ், அதன் மேல் சீறிக்கொண்டு விழும் சோடா, நீளக் கரண்டியால் இரண்டே சுற்று. அடியிலிருந்த கருஞ்சிவப்பு மெல்ல மேலே ஏறி டம்ளர் முழுக்கப் பரவியது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பன்னீர் சோடா கிட்ட வராது" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

வண்டியை எடுக்கப் போகும்போது ஆளைக் காணோம். திரும்பிப் போய்ப் பார்த்தேன். அந்த ஒட்டுச் சுவருக்குக் கீழேதான் நின்றிருந்தார். "போலாமாப்பா?" என்றேன். மேலே பார்த்தபடியே பேசினார்.

"பழைய கல்லோட புதுக் கல்லைக் கோத்துத்தான் கட்டியிருக்கான். சும்மா அடுக்கல. எந்த மேஸ்திரியோ, நல்ல வேலைக்காரன்டா."