நெஞ்சு படபடப்பும் ஒரு மாத்திரை பாட்டிலும்

ராத்திரி இரண்டு மணி. சும்மா படுத்திருந்தபோது நாடி 118. கடிகாரத்தைப் பார்த்து மூன்று தடவை எண்ணினேன். ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரைதான் இருக்க வேண்டும். காலையிலேயே திங்கள்நகரில் பஸ் ஏறி நாகர்கோவில் போனேன்.

இசிஜி எடுத்தார்கள். துடிப்பு சீராகத்தான் இருக்கிறதாம், வேகம் மட்டும் கூடுதலாம். என்ன மருந்து சாப்பிடுகிறேன் என்று கேட்டு "தைராய்டு மாத்திரை" என்று குறித்துக்கொண்டார்கள். "வாயுவா இருக்கும், டென்ஷனைக் குறைங்க, சாயாவை நிறுத்துங்க." கட்டன்சாயா இல்லாமல் நாலு நாள் தலைவலியோடு கிடந்ததுதான் மிச்சம்.

அடுத்தது ஹோல்ட்டர். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி 24 மணி நேரம் பதிவு செய்கிற கருவி. குளிக்கக் கூடாது என்றார்கள், சரி. ஆனால் எனக்கு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாலே வியர்வை ஊற்றும் (அதுவும் அதே கோளாறின் அறிகுறிதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது). பாதி ராத்திரியில் இரண்டு ஸ்டிக்கர் கழன்றுவிட்டது. மறுநாள் போனால் பதிவு அரைகுறை, திரும்ப மாட்ட வேண்டும், அதற்கு முதல் நாள் ரசீது வேண்டும். ரசீது வீட்டில். "கம்ப்யூட்டர்ல என் பேர் இருக்குமே?" "ரசீது இல்லாம ஒண்ணும் செய்ய முடியாதும்மா." கொட்டுகிற மழையில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

கடைசியில் சித்தி சொல்லித் தக்கலையில் ஒரு வயதான டாக்டரிடம் போனேன். என் கையை நீட்டச் சொல்லி விரல் நடுங்குவதைப் பார்த்தார்.

"தைராய்டு மாத்திரை எத்தனை மைக்ரோகிராம் மக்களே?"

"அம்பது."

"பாட்டில் எங்கே?"

மகனுக்குப் போன் போட்டேன். படம் அனுப்பினான். 100. அந்த எண்ணை நான் தினமும் பார்த்திருக்கிறேன். உள்ளே நூறு மாத்திரை என்று நினைத்திருந்தேன்! இரண்டு மாதமாக இரட்டை அளவு. அன்றே ரத்தம் எடுத்ததில் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்) 0.02. குறைந்தது 0.4 ஆவது இருக்க வேண்டும். தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் இதயம் அட்ரினலினுக்குக் கூடுதலாகத் துள்ளும். படுத்துக்கிடந்தாலும் ஓடுகிற மாதிரிதான்.

மருந்துக்கடையில் சீட்டைக் காட்டினேன். 50 என்று பளிச்சென்று எழுதியிருந்தது. "பாட்டில் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்" என்றார்கள். மாற்றிக் கொடுத்தார்கள், மன்னிப்பு இல்லை.

என்னைப் போல் படபடப்போடு போகிறவர்கள் மாத்திரைப் பாட்டிலையே கையில் கொண்டுபோங்கள். இருமல் மருந்து, ஆஸ்துமா பம்பு எல்லாவற்றையும்தான். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் சேர்ந்து வந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரத்தத்தில் அதன் அளவு பாதியாகவே ஒரு வாரம் போல ஆகும், அதனால் எனக்கும் படபடப்பு உடனே அடங்கவில்லை. மூன்றாவது வாரம் நாடி 78. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை.

ஹோல்ட்டர் ரசீது கிடைத்துவிட்டது, குடைப் பையில் இருந்தது.