முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

நவம்பர் 11, 2024
கடிதம் வரவில்லை.

நவம்பர் 13
சங்கச் செயலாளருக்குப் போன் போட்டேன். "வந்துடும் தம்பி, கமிட்டி கூடணும்" என்றார். சந்தா கட்டி நாலு மாதம் ஆகிறது. ரசீது கையில் இருக்கிறது, புதுப்பித்த கடிதம்தான் இல்லை. அது வராமல் எங்கள் பிரேக்கிங் நடனக் கிளப் பிள்ளைகள் பெயரைப் புதுச்சேரி அணித் தேர்வுக்கு எடுக்கமாட்டார்கள். தேர்வு டிசம்பர் 14.

நவம்பர் 16
கார்த்திகை பிறந்துவிட்டது. இனி முகூர்த்த நாளில் பயிற்சிக்கு மண்டபத்து மாடி கிடைக்காது.

நவம்பர் 19
வந்தது. பதினோரு பேரில் ஏழு பேருக்குத்தான் ஒப்புதல். மீதி நாலு பேர் ஆதாரில் கடலூர் மாவட்டம். குட்டி அதில் ஒருத்தி.

புதுச்சேரி அணியில் புதுச்சேரிப் பிள்ளைகள்தான் ஆட வேண்டும் என்பது விதி. அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் மூன்று வருடமாகப் பதினோரு பேருக்கும் சேர்த்துத்தானே சந்தா வாங்கினார்கள்? போன வருடம் குட்டி மெடலோடு வந்தபோது சங்கத்து பேனருக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்களே, அப்போது முகவரி தெரியவில்லையா? ரெட்டிச்சாவடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறாள். முள்ளோடை எல்லையைத் தாண்டினால் கன்னியக்கோயில், அப்புறம் நாங்கள். அவளுக்கு அது ஒரே ரோடு.

இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 20
சொல்லவில்லை.

நவம்பர் 24
மாடி கிடைத்தது. பந்தி நடந்த இடம், சாம்பார் வாசனை போகவில்லை. பழைய ஃப்ளெக்ஸைத் திருப்பிப் போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டினோம். குட்டி விண்ட்மில் போடும்போது, அதாவது காலை விரித்துத் தரையில் உருண்டு சுழலும்போது, தோள் தரையில் படுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தப், தப், தப், ஒரே தாளம். போன மாதம் மூன்றாவது சுற்றில் இழுத்தது, இன்று இழுக்கவில்லை. இறங்கி அப்படியே ஃப்ரீஸில் அசையாமல் நின்றாள். பாரிஸ் ஒலிம்பிக்கில் நடுவர்கள் ஐந்து அளவில் பார்த்தார்களே, அதில் இசையோடு போவதும் ஒன்று. இவளுக்கு அது தானாகவே வருகிறது. ஆகஸ்டில் ஜப்பான் பெண் ஆமி தங்கம் வாங்கியதைத் தூங்காமல் பார்த்துவிட்டு, மறுநாள் கண்சிவக்க வந்து "மாஸ்டர், அவங்க அவசரமே படல" என்றாள்.

முடிந்ததும் சொன்னேன். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள். "அப்ப நாளைக்கு வரணுமா வேணாமா மாஸ்டர்?"

வரணும்.

நவம்பர் 27
செயலாளர் கடைக்கே போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். "2028 ஒலிம்பிக்லயே பிரேக்கிங் இல்ல, எதுக்குத் தம்பி இவ்ளோ டென்ஷன்?" குட்டிக்கு எதற்கு ஒலிம்பிக்? அவளுக்குத் தேவை ஒரு சான்றிதழ், கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நீட்ட ஒரு தாள். சங்கம் தராமல் அது எங்கிருந்து வரும்? அவரோடு சண்டை போடவும் முடியவில்லை, விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 30
ஃபெஞ்சல் புயல். கரண்ட் இல்லை.

டிசம்பர் 1
46 சென்டிமீட்டருக்கு மேல் மழையாம். வாசலில் முழங்கால் அளவு தண்ணீர்.

டிசம்பர் 2
சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணையில் லட்சம் கன அடிக்கு மேல் வருகிறது. பாகூர்ப் பக்கம் ஊருக்குள்ளேயே தண்ணீர். பத்துப் பேர் பேசிவிட்டார்கள். குட்டி போன் சுவிட்ச் ஆஃப்.

டிசம்பர் 3
சுவிட்ச் ஆஃப்.

டிசம்பர் 4
பேசினாள்! பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாளாம்.

டிசம்பர் 5
கிளப் ஃபைல் பீரோவின் அடித்தட்டில் இருந்தது. ரசீதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டேன். 2022 ரசீதில் சீல் மட்டும் ஊதாவாக ஊறிவிட்டது. "பதினோரு உறுப்பினர்" என்று அவர் கையால் எழுதியது அழியவில்லை.

டிசம்பர் 7
செயலாளரே கூப்பிட்டார். பிள்ளைகளெல்லாம் பத்திரமா என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். பதினோரு பெயர். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வைத்த பிறகுதான் கோபம் வந்தது.

தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போகிறது.

டிசம்பர் 9
நாலு பேரையும் தமிழ்நாட்டுப் பக்கமே பதியலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு இவர்கள் தடையில்லாச் சான்று தர வேண்டும். கேட்டேன். "கடைக்கு வா தம்பி, சீல் போட்டுத் தர்றேன்."

குட்டியின் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப உங்ககிட்ட கத்துக்கக் கூடாதா தம்பி?" என்று கேட்டார். கற்றுக்கொள்ளலாம் அக்கா, பெயர் மட்டும்தான் அங்கே போகிறது என்றேன். குட்டி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 12
மறுபடி மழை. கடை பூட்டியிருக்கிறது. நாளை தீபம்.

டிசம்பர் 14
கடை திறக்கவில்லை. மாடி கிடைத்தது. பதினோரு பேரும் வந்தார்கள்.