மீண்டும் எடுக்கப்பட்ட கோனன்

1982 இல் ஜோன் மிலியஸ் இயக்கிய ‘கோனன் த பார்பேரியன்’ படத்தை 2011 இல் மார்க்கஸ் நிஸ்பெல் மீண்டும் எடுத்தார் என்பதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. முல்லைத்தீவில் கோவலன் கூத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகிறோம். கோவலன் வெட்டுண்டு சாவான் என்பது களரியைச் சுற்றிப் பாய் விரித்து அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை சனம் கலைவதில்லை. தெரிந்த கதையை மறுபடி சொல்லலாம், ஆனால் அது நெஞ்சில் இறங்குவதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுக்க வேண்டும். புதிய கோனனில் அந்த நேரம்தான் இல்லை.

பழைய படத்தில் சிறுவன் கோனன் தாயின் கையைப் பற்றியபடி நிற்கிறான். தாய் வாளை ஓங்கி நிற்க, ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த தல்சா டூம் அவளை வெறுமனே பார்க்கிறான். அந்தப் பார்வையில் வாள் மெல்லத் தாழ்கிறது. அவன் திரும்பிப் போவதுபோல் போய் ஒரே வீச்சில் வெட்டுகிறான். தலை விழுவதைக் காட்டாமல், மகனின் பிடியிலிருந்து தாயின் கை நழுவுவதைத்தான் காட்டுகிறார்கள். பிறகு அந்தச் சிறுவன் அடிமையாகி, செக்குமாடு போலப் பெரிய சக்கரமொன்றைச் சுற்றுகிறான். கூடத் தள்ளியவர்கள் ஒவ்வொருவராக இல்லாமற்போக, பிஞ்சுக் கால்கள் முறுக்கேறிய கால்களாக மாற, கடைசியில் நிமிரும் முகம் ஆர்னோல்ட் சுவாஸ்நேகருடையது. ஆண்டுகள் கழிந்த அந்தக் கதையைச் சொல்வதற்கு பசில் பொலிடோரிஸின் இசையே போதுமாக இருந்தது. மின்சாரம் இல்லாத காலத்து வன்னியில், ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாத எங்கள் ஊரவர்கள் ஜெனரேற்றர் இரைச்சலுக்கு நடுவே பார்த்தபோதும், ஒருவருக்கும் கதை விளங்காமற் போகவில்லை.

புதிய படத்தில் ஜேசன் மொமோவாவின் மீது எனக்குக் குறையே இல்லை. 1932 இல் ரொபேர்ட் ஈ. ஹவார்ட் எழுத்தில் படைத்த, சிறுத்தையின் பாய்ச்சல் கொண்ட அந்த மனிதனுக்கு சுவாஸ்நேகரைவிட மொமோவாவே கிட்ட நிற்கிறார் என்பேன். தொடக்கத்தில் சிறுவர்கள் வாயில் முட்டையை அடக்கிக்கொண்டு ஓடும் போட்டியும் அருமையானது. வழியில் எதிரிகளைக் கொன்று தலைகளோடு திரும்பும் கோனனின் வாயில் முட்டை உடையாமல் இருக்கிறது. அந்த ஒரு காட்சியிலேயே அவன் யார் என்று தெரிந்துவிடுகிறது.

அதற்குப் பின்னர் சண்டை, மறுபடி சண்டை, மண்ணிலிருந்து எழும் வீரர்களோடு இன்னுமொரு சண்டை. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனின் வாளைப் பற்றிக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு வாள்வீச்சு அலுக்காது. யாருக்காக வீசுகிறான் என்பதை மனம் மறந்துவிட்டால்தான் அலுக்கும். ஸ்டீபன் லாங் நடித்த காலார் சிம், இறந்துபோன மனைவியை மீட்பதற்காகவே மந்திர முகமூடியின் துண்டுகளைத் தேடி நாடுகளை அழிக்கிறான். வில்லனுக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. அந்தத் துயரத்தோடு அவனைச் சற்று நேரம் தனியே இருக்க விட்டிருந்தால், கோனன் அவனால் இழந்த தந்தையும் சிம் இழந்த மனைவியும் கடைசிச் சண்டையில் நேருக்கு நேர் வந்து நின்றிருப்பார்கள்.