கடல்மீனின் வெண்புள்ளியும் தனிமைத் தொட்டியும்

கடல்மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. முதலில், "அண்ணா, மீனில வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கு, என்ன மருந்து போடலாம்?" என்று ஒரு படத்துடன் வரும். சில நாள் கழித்து, "புள்ளியெல்லாம் போயிட்டுது அண்ணா, சாப்பாட்டில உள்ளி கலந்து குடுத்தன், இப்ப சுகம்" என்று வரும். அதற்கு அடுத்த வாரம் வருவது நல்ல செய்தியாக இருப்பதில்லை. உள்ளியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உள்ளி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தப் புள்ளிகள் அந்த நாளில் மறைந்துதான் இருக்கும். ஏன் என்று விளங்கிக்கொள்ளாமல் சிகிச்சையைத் தொடங்குவதில் பயனில்லை என்பதால், மருந்துக்கு முன்னர் ஒட்டுண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கடல்மீனுக்கு வெண்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ் என்னும் தனிக்கல ஒட்டுண்ணி. நாம் காணும் புள்ளி, மீனின் தோலுக்குள்ளும் செவுளுக்குள்ளும் புகுந்து அதன் இழையத்தைத் தின்று பருத்திருக்கும் ஒரு கட்டம் மட்டுமே. மூன்று முதல் ஏழு நாள் வரை அங்கே இருந்து கொழுத்தபின், அது தானாகவே கழன்று விழுந்து மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூட்டைக் கட்டிக்கொள்கிறது. மீன் சுகமாகிவிட்டது என்று நாம் மகிழ்ந்திருக்கும் அந்த நாட்களில், ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் உருவாகியிருக்கும். பெரும்பாலான கூடுகள் 4 முதல் 8 நாட்களுக்குள் திறந்துவிடும் என்றாலும், 72 நாள் வரை பொறுத்துத் திறந்தவையும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். பரந்த கடலில் அவற்றுள் மிகச் சிலவற்றுக்கே மீன் அகப்படும். நான்கடித் தொட்டியிலோ மீனுக்குத் தப்பியோட இடமில்லை. போதாக்குறைக்கு அவை பெரும்பாலும் இருட்டில்தான் வெளிவருகின்றன. மீனும் அந்நேரம் அடியில் ஏதாவதொரு இடுக்கில் அசையாமல் கிடக்கும்.

மருந்துகள் கொல்வது நீந்தித் திரியும் இந்தக் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அவை தொடமாட்டா. ஆகவே எத்தனை நாள் மருந்து என்பதை மீனின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது; நீரில் மருந்தின் அளவு வாரக்கணக்கில் குறையாமல் நிற்க வேண்டும். அப்படி நிறுத்தக்கூடியவற்றுள் நம்பகமானது செப்பு. ஆனால் செப்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதுடன், பவளக் கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொண்டு அளவையும் குழப்பிவிடும். வீட்டு முன்கூடத்தில் இருக்கும் தொட்டிக்குள் மருந்து ஊற்றக்கூடாது என்பதற்கு இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை. பவளத்துக்குக் கேடில்லை என்று போத்தலில் எழுதி விற்கப்படும் வெண்புள்ளி மருந்துகளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், அவற்றால் ஒட்டுண்ணிக்கும் பெரிதாகக் கேடில்லை என்பதே என் அபிப்பிராயம்.

மீனை வேறாக எடுத்து மருந்து கொடுப்பதற்கான தனிமைத் தொட்டி, ஆஸ்பத்திரி வாட்டைப் போல வெறுமையாக இருக்க வேண்டும். இரண்டடி நீளத் தொட்டி ஒன்று, ஏறத்தாழ 50 லீற்றர் பிடிப்பது, சிறிய மீன்கள் ஒன்றிரண்டுக்குப் போதும். மணல் வேண்டாம், கல் வேண்டாம். மீன் ஒளிந்துகொள்ள ஹாட்வெயார் கடையில் வாங்கிய பீவீசி எல்போக்கள் சில, காற்றுப் பம்பியில் ஓடும் ஸ்பொஞ்சு வடிகட்டி ஒன்று, பாய்ந்து விழாதிருக்க மேலே ஒரு வலை, இவ்வளவுதான். நிரப்பும்போதே லீற்றர் கணக்கில் அளந்து ஊற்றி, நீர்மட்டத்தைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடிட்டு வையுங்கள். பின்னர் மருந்தின் அளவெல்லாம் அந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கும்.

இந்தத் தொட்டிகளில் மீன் செத்ததாகக் கேள்விப்படும்போது நான் முதலில் கேட்பது அமோனியாவைப் பற்றித்தான். மீன் தன் கழிவை அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது; பழகிய தொட்டியில் அதை உடைக்கும் பற்றீரியாக்கள் கல்லெங்கும் குடியிருக்கும், புதிதாக நிரப்பிய வெறுந்தொட்டியில் இருக்கமாட்டா. நன்னீர்த் தொட்டியில் பழகிவந்தவர்கள் இதன் கடுமையைக் குறைத்து மதிப்பிடுவது வழக்கம். pH 7 உள்ள நன்னீரில் மொத்த அமோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும், pH 8.2 உள்ள கடல்நீரில், நம்மூர் வெப்பநிலையில், அது ஏறத்தாழ 8 சதவீதம். ஆகவே ஸ்பொஞ்சு ஒன்றைப் பிரதான தொட்டியின் சம்பில், அதாவது வடிகட்டிகள் இருக்கும் கீழ்த்தொட்டியில், எப்போதும் போட்டு வைத்துப் பற்றீரியாக்களைக் குடியேற விடுவது நல்லது. நோய் வந்த தொட்டியின் ஸ்பொஞ்சில் கூடுகளும் ஒட்டியிருக்குமே என்று சிலர் தயங்குவார்கள். மீன் எப்படியும் மருந்துக்குள்தான் இருக்கப்போகிறது. அந்தக் கூடுகள் திறந்தாலும் குஞ்சுகள் செப்புக்குள்தான் வந்து விழும். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவங்களைச் செப்புடன் சேர்த்து ஊற்றுவது மாத்திரம் வேண்டாம். அவற்றுள் சில செப்பைக் கூடுதல் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும். நீரை மாற்றுவதே பாதுகாப்பான வழி. மாற்றும் நீரிலும் அதே அளவு செப்பைக் கலந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

கொழும்பில் நமக்கு ஹீற்றர் வாங்கும் செலவு இல்லை. அதற்குப் பதிலாக ஒட்சிசன் கவலை உண்டு. 28 பாகையில் கடல்நீர் பிடித்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் லீற்றருக்கு 6.4 மில்லிகிராம் அளவே. செவுளில் ஒட்டுண்ணி நிறைந்த மீனுக்கு அது விளிம்பில் நிற்பதுதான். காற்றுக்கல் ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். விசிறி வைத்துக் குளிர்விப்பவர்கள், ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டிக்குள்ளேயே நிற்கும் என்பதை மறக்காமல், குறைந்த நீரை நன்னீரால் கோடுவரை நிரப்ப வேண்டும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று மின் உபநிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கின் புண்ணியத்தில் நாடு முழுவதும் இருண்டதையும் மறந்திருக்கமாட்டோம்.

நீரைப் பற்றி இன்னொன்று. வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களுக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் கேனை எடுத்துக்கொண்டு ரெயில் பாதையைக் கடந்து போகத் தோன்றும். அந்தக் கரையிலேயே கால்வாய் வந்து கடலில் விழுகிறது, மழை நாட்களில் நீரின் நிறமே அதைச் சொல்லும். நோயுற்ற மீனுக்கு அந்த நீர் வேண்டாம். உப்புக் கலவை விலைதான் என்றாலும் 50 லீற்றருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே போகும். குழாய்நீரில் குளோரீன் இருக்கும். சோடியம் தயோசல்பேற்று போட்டு அதை நீக்கிய பின்னரே உப்பைக் கரையுங்கள்.

வெண்மையாகத் தெரிவதெல்லாம் வெண்புள்ளி நோய் அல்ல என்பதால், மருந்துப் போத்தலைத் திறப்பதற்கு முன் மீனை நன்றாகப் பார்க்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை மீனின் முதுகுக்கு மேலாகச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். வெண்புள்ளி நோயில் உப்புக்கல் அளவில், தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளிகள் தெரியும். மிக நுண்ணிய மாத்தூளைத் தெளித்ததுபோல, ஒளிபடும் கோணத்தில் மட்டும் பொன்னிறமாக மினுங்கினால் அது அமிலோடினியம் என்னும் வேறொரு ஒட்டுண்ணி, வெல்வெட் நோய் என்பார்கள். அந்த மீன் பம்பியிலிருந்து நீர் வரும் வாயிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும், செவுள் மூடி ஓயாமல் அடித்துக்கொள்ளும், சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது. அதன் ஒரு கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வரும். சில நாட்களிலேயே தொட்டி முழுவதும் முடிந்துவிடும். இதற்கும் செப்பு கேட்கும், ஆனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விடமுடியாது. கோமாளி மீனின் உடலில் தடித்த சளி தோலாக உரிந்து தொங்கினால் அது புரூக்கினெல்லா என்னும் இன்னொரு ஒட்டுண்ணியாக இருக்கக்கூடும். அதற்குச் செப்பு பயன்படாது, போமலின் குளியல்தான் வழி. கையுறையும் நல்ல காற்றோட்டமும் இல்லாமல் போமலினைத் தொடக்கூடாது. கண்கள் மங்கி, உடலை எல்போவில் உரசிக்கொண்டே இருக்கும் மீனை, அதே வெப்பநிலையும் அதே pH உம் உள்ள நன்னீரில் ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம். தட்டைப்புழு இருந்தால், அதுவரை கண்ணாடிபோல் தெரியாமல் ஒட்டியிருந்தவை பால்வெள்ளையாக மாறி ஒவ்வொன்றாக வாளியின் அடியில் விழும். முதல் தடவை பார்ப்பவருக்கு அன்றிரவு சோறு இறங்காது. அதற்கு மருந்து பிரசிகுவான்டெல். முட்டையை அது கொல்லாது என்பதால் ஒரு வாரத்தில் இரண்டாம் தடவையும் கொடுக்க வேண்டும்.

இனிச் செப்புக்கு வருவோம். தனிச் செப்பாகக் கொடுத்தால் லீற்றருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும், கூடினால் மீன் தாங்காது. செப்பைப் பிணைத்து வைத்திருக்கும் இணைப்புச் சேர்மத்துடன் விற்கப்படும் தயாரிப்புகளுக்கு அளவே வேறு, சிலவற்றுக்கு இதைப்போல் பத்து மடங்கு. போத்தலில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். தயாரிப்பு கிடைக்காத காலங்களில் துருசை, அதாவது செப்புச் சல்பேற்றை, கரைத்துப் பயன்படுத்தியவர்கள் நம்மிடையே உண்டு. தோட்டத்துக்கு விற்கும் துருசில் வேறு உலோகங்களும் கலந்திருக்கலாம் என்பதால் ஆய்வுகூடத் தரத்தில் உள்ளதையே வாங்க வேண்டும். அதில் கால்வாசியே செப்பு, 3.93 கிராமை ஒரு லீற்றர் வடிநீரில் கரைத்தால் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் செப்பு கிடைக்கும். 50 லீற்றர் தொட்டிக்கு 10 மில்லிலீற்றரில் 0.20 வந்துவிடும். அதையும் ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று நாட்களில் பிரித்து ஏற்றுவது மீனுக்கு நல்லது.

ஊற்றிய அளவு அப்படியே நீரில் நிற்பதில்லை. கடல்நீரில் செப்பு சிறிது சிறிதாகப் படிந்து குறையும், ஆகவே தினமும் சோதிக்க வேண்டும். சோதனைக் கருவி இல்லாமல் செப்பைத் தொடவே வேண்டாம் என்பதில் நான் பிடிவாதக்காரன். நிற அட்டையுடன் வரும் மலிவான கருவிகளில் 0.15 க்கும் 0.25 க்கும் இடையிலுள்ள வித்தியாசம், குழல் விளக்கின் கீழே ஒரே வெளிர்நீலமாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் யன்னலோரம் வைத்துப் பாருங்கள், முடிந்தால் எண்ணாகக் காட்டும் கருவியை நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். அளவு இடையில் விழாமல் குறைந்தது மூன்று வாரம் செல்ல வேண்டும். ஒரு நாள் விழுந்துவிட்டால் கணக்கை அன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்குத் தொட்டி மாற்றும் முறை இருக்கிறது. கழன்று விழுந்த கூடு திறக்க மூன்று நாளாவது ஆகும் என்பதால், 72 மணி நேரத்துக்குள் மீனை வேறொரு காய்ந்த, சுத்தமான தொட்டிக்கு மாற்றிவிட்டால் கூடுகள் பின்னால் தங்கிவிடும். இப்படி நான்கு தடவை மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவையும் புது நீர், புது ஸ்பொஞ்சு. கடல்நீரைக் கலக்கும் உப்பின் விலையைப் பார்த்தால் சிறு மீனுக்குக் கட்டுப்படியாகும், பெரிய மீனுக்குக் கையைக் கடிக்கும். வெல்வெட்டுக்கு இந்த முறை சரிவராது. பவுடர் புளூ டாங் போன்ற பதற்றக்கார மீனை நான்கு முறை வலையில் பிடிப்பதும் எனக்கு உவப்பில்லை. நம் கடலிலேயே பிடிபடும் அந்த மீனுக்கு வெண்புள்ளி பிடிப்பதில் ஒரு தனி ராசி உண்டு என்பது கடல்மீன் வளர்ப்பவர் எல்லோரும் அறிந்தது.

கடைகளுக்கு வரும் உள்ளூர்க் கடல்மீன்கள் கடலிலிருந்து நேரே பிடிக்கப்பட்டவை என்பதையும் மனத்தில் வைத்திருங்கள். மேயிலிருந்து செப்டெம்பர் வரை மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிப்பதால் பிடிப்பவர்கள் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த மாதங்களில் கொழும்புக்கு வரும் மீன் தீவின் குறுக்கே பொலித்தீன் பையில் பயணம் செய்து களைத்துத்தான் வரும். புள்ளி இல்லாத புது மீனையும் முதலில் தனிமைத் தொட்டியில் விடுவதே நான் கடைப்பிடிக்கும் வழக்கம்.

இனி மீதமிருப்பது பிரதான தொட்டி. மீன்களெல்லாம் வெளியேறிய நாளிலிருந்து 76 நாள் அதில் ஒரு மீன்கூட இருக்கக்கூடாது. சும்மா ஒன்றை விட்டுவைப்போம் என்று கோபி மீனையும் விட்டுவைக்க வேண்டாம். இறாலும் நத்தையும் பவளமும் அங்கேயே இருக்கலாம், அவற்றின் உடலில் இந்த ஒட்டுண்ணி வளராது. அதற்கிடையில் செப்புச் சிகிச்சை முடிந்திருக்கும். கரித்தூள் வடிகட்டி போட்டுச் செப்பை நீக்கிவிட்டு, மருந்தில்லாத நீரில் இரண்டு வாரம் மீனைக் கவனியுங்கள். திரும்ப விடும்போது மீனை மட்டும் விடுங்கள், தனிமைத் தொட்டி நீரில் ஒரு துளியும் போகவேண்டாம். வலை, குழாய், கண்ணாடி துடைக்கும் ஸ்பொஞ்சு எல்லாம் இரு தொட்டிகளுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஈர வலையில் ஒட்டியிருக்கும் ஒரு கூடு போதும், 76 நாளையும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க.