விசிறி சுழல்கிறது, திரை மட்டும் இருட்டு

தம்பிக்காகப் பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினியில் விசிறிகள் சுழன்றன. திரையில் எதுவும் வரவில்லை. விசிறி சுழல்வதை மட்டும் வைத்து மின்சாரம் எல்லா இடத்திற்கும் போய்விட்டதாக முடிவு செய்யக்கூடாது, ஏனெனில் எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டின் 24 பின் மின் இணைப்பு இருந்தாலே பெரும்பாலும் அவை சுழன்றுவிடும். பிராசஸருக்கு அருகே மேல் மூலையில் செருக வேண்டிய, பிராசஸருக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் தனி. அது சரியாகவே இருந்தது. மானிட்டர் கேபிளும், மதர்போர்டில் அல்லாமல், திரைக்குப் படத்தை அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில்தான் இருந்தது.

எங்கள் மதர்போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம் எனும் தற்காலிக நினைவகம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (இயங்குதளம் உள்ள வட்டு) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தொடக்கச் சோதனை தடைபட்டிருக்கிறது என்று பொருள். எரிந்தது டிராம் விளக்கு. ரேம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதாக வரும் இடத்தில், தாழ் விழும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்தினோம். விளக்கு அப்போதும் அணையவில்லை. ஆனால் எங்களுடையதைப் போன்ற டிடிஆர்5 வகை ரேம் முதன்முறை இயங்கும்போது, அதனுடன் பேசுவதற்கான சமிக்ஞை நேரங்களை மதர்போர்டு தானே சோதித்துச் சரிசெய்துகொள்ளச் சில நிமிடங்கள்கூடப் பிடிக்கலாம். பொறுமையிழந்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். (கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டிய செய்தி இது.) காத்திருந்தோம், பயாஸ் எனும் மதர்போர்டின் தொடக்க அமைப்புத் திரை வந்தது. இரண்டாவது ரேமை நான்காவது இடத்தில் செருகியபோது மீண்டும் அதே காத்திருப்பு.